தொட்டியில் அயிரை இல்லை

உட்காருங்கள், டாக்டர். அந்த நாற்காலியில் வேண்டாம், அது என்னுடையது. எதிரே இருக்கும் அதில் அமருங்கள். அங்கிருந்து பார்த்தால் தொட்டி உங்களுக்கு நேராகத் தெரியும். எனக்கு அது முதுகுப் பக்கம். ஆடி மாதத்திலிருந்து நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வருகிறேன். அதன் முகத்தில் விழிப்பதில்லை என்று ஒரு கொள்கை.

வெளியே வண்டியோடு நிற்கும் குட்டியானைக்காரரைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறடித் தொட்டியை அப்படியே தோளில் தூக்கிப் போக முடியாது. முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும், பிறகு மணலை அள்ள வேண்டும். அதற்கு முன்னால், வாங்குகிறவருக்கு ஒரு பொருள் ஏன் விற்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாளைக்கு உங்கள் மருத்துவமனையில் பல்வலியோடு வந்து காத்திருக்கும் எவனாவது ஒருவன், "இது சோணைமுத்து மச்சான் வீட்டுத் தொட்டில்ல?" என்று கேட்டுவிட்டு ஒரு கதையை அவிழ்ப்பான். அவன் சொல்லும் கதையில் நான் பைத்தியக்காரனாக இருப்பேன். ஆகவே என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாயைப் பார்ப்பது உங்களுக்குத் தொழில்தானே.

சோணைமுத்து மச்சான். கவனித்தீர்களா? இந்த மதுரையில் எனக்குப் பெயர் அதுதான். என் பெயர் பூமிநாதன். பஞ்சாலையில் நூற்பு இயந்திரங்களுக்கு மேற்பார்வையாளனாக நாற்பது ஆண்டு இருந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் நூலகத்தில், என் சொந்தக் கண்ணால் கற்றது. பழங்காநத்தத்தில் என்னைப் போல் பிழையில்லாமல் ஒரு பத்தி எழுதக்கூடியவர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். ஆனால் ஆட்டோ ஓட்டுநரிடம் என் முகவரியைச் சொன்னால், "மெஸ்காரர் மச்சான் வீடா சார், ஏறுங்க" என்பான். கீரை விற்கும் அம்மாள்கூட அப்படித்தான்.

சோணைமுத்து என் மனைவி பொன்னழகின் தம்பி. சிம்மக்கல்லில் மெஸ் வைத்திருக்கிறான். நீங்கள் நாகர்கோவில் பக்கத்தவர், கடல் மீன் தெரிந்தவர், ஆதலால் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மீன் என்றால் முதலில் அயிரை. சுண்டுவிரல் நீளம்கூட இராது. மணல் நிறம், முதுகில் புள்ளி, வாயோரத்தில் மீசை. கண்மாயிலும் ஓடையிலும் அடிமணலை மேய்ந்து திரியும். உயிரோடுதான் வாங்குவார்கள். சட்டியில் பாலை ஊற்றி அதில் விடுவார்கள். அது பாலைக் குடித்து, வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் கக்கிவிடும். அதன் பிறகு தலையும் வாலுமாக முழுசாகக் குழம்பில் போடுவார்கள். அந்தக் குழம்பை வைத்துத்தான் சோணைமுத்து பெயர் வாங்கினான். மதியத்தில் அவன் மெஸ் வாசலில் கார்கள் நிற்கும். வடக்கேயிருந்து வருகிறவனும் அவனோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வான். படிக்காதவன், டாக்டர். தன் கடைப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனதுகூடத் தெரியாதவன். நான்தான் சொல்லித் திருத்தச் செய்தேன். அதற்கும் சிரித்துக்கொண்டே, "மச்சான் சொன்னாச் சரிதான்" என்றான். எதைச் சொன்னாலும் சிரிக்கிற மனிதனை நம்பக் கூடாது.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. இந்த ஊர் அயிரையைச் சட்டியில் மட்டுமே பார்த்திருக்கிறது. அதன் வாழ்க்கையைப் பார்த்ததே இல்லை. வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டு வண்ணமீனை வளர்க்கிறார்கள். நான் ஒரு பெரிய நன்னீர்த் தொட்டி அமைத்து, அதில் அயிரையை மட்டும் விட்டு, ஓடையில் அது எப்படி வாழ்கிறதோ அப்படியே கண்ணாடி வழியாக ஊருக்குக் காட்டுவேன். சோணைமுத்துவின் குழம்பால் அயிரையை அறிந்த ஊர் இனிமேல் பூமிநாதனின் தொட்டியால் அறியும். இதில் பொறாமை எங்கே இருக்கிறது? பொன்னழகு அப்படித்தான் சொன்னாள். "தம்பிக்குப் போட்டியா இது?" என்றாள். போட்டி என்பது சமமானவர்களுக்குள் நடப்பது என்று பதில் சொன்னேன்.

தொட்டியைப் பாருங்கள். அரை அங்குலக் கண்ணாடி. அடியில் இரும்புத் தாங்கி. அதன் மேல் பலகை. பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெர்மாகோல், பாரம் ஓரிடத்தில் அழுத்தாமல் இருக்க. மூலை இணைப்புகளில் பசை போட்டு, காயவிட்டு, தண்ணீர் நிரப்பிக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அயிரை ஓடும் தண்ணீரை விரும்பும். ஆகவே அந்த ஓரத்தில் இரண்டு மோட்டார் வைத்து இந்த ஓரத்தை நோக்கி நீரோட்டம் உண்டாக்கினேன். துள்ளி வெளியே விழாமல் இருக்க மூடி. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போகும்வரை அண்டாக்களில் வைத்திருந்துதான் ஊற்றினேன். எல்லாம் நூல்கள் வழியாக நானே கற்றது.

தூக்கி வைத்தது யார் என்கிறீர்களா? மெஸ் ஆட்கள். நான் கேட்கவில்லை. அவனாக அழைத்துக்கொண்டு வந்தான்.

முதலில் அடியில் வண்ணக் கற்கள் போட்டிருந்தேன். நீலமும் ரோசாவும். பார்க்க நன்றாக இருந்தது. சோணைமுத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது அயிரை. மூஞ்சிய வச்சுத் தோண்டுற சாதி. கல்லுல போட்டா மீசையெல்லாம் தேஞ்சுபோகும். மணலு போடுங்க" என்றான்.

"தொட்டி யாருடையது?" என்று கேட்டேன்.

"ஒங்க தொட்டிதான் மச்சான். மீசை அதுகளோடதுல்ல" என்றான். பொன்னழகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அக்காளும் தம்பியும் சேர்ந்தால் இந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிடுவேன்.

மறுநாள் அவனே மணலைக் கொண்டுவந்தான். மாவுபோல நைசான ஆற்று மணல். சலித்து, வாசல் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தெளியும்வரை அவனே கழுவி, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினான். அவ்வளவு பெரிய மெஸ் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் அலசுகிறான் என்று தெருவே பார்த்தது. எதற்காக அப்படிச் செய்தான்? தெரு பார்க்க வேண்டும் என்பதற்காக. நான் கூலியாளை விட்டதாக நினைத்துக்கொண்டேன்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே நீளமான இரட்டை விளக்கு. வைகாசியில் போட்டேன், அன்றிலிருந்து அணைத்ததில்லை. காட்சி என்று வைத்தால் அது எந்நேரமும் காட்சியாக இருக்க வேண்டும். சோணைமுத்து, "அதுகளும் கண்ணசர வேணாமா மச்சான்?" என்றான். மீனுக்கு இமையே கிடையாது என்று நூல் ஆதாரத்தோடு விளக்கினேன். மின்சாரம் போனாலும் விளக்கு நிற்கக் கூடாது என்று வீட்டிலிருந்த இன்வெர்ட்டரைத் தொட்டிக்கு மாற்றினேன். "ஏங்க, அடுப்படியில வேர்த்து ஊத்துது. மீனுக்கு வெளக்கு, எனக்கு வெசிறி மட்டையா?" என்றாள் பொன்னழகு. காட்சிக்கு ஒளி தேவை, குழம்புக்குத் தேவையில்லை என்றேன். அவள் விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒத்துக்கொண்டாள் என்றுதான் பொருள்.

மீன் யார் கொடுத்தது என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஆம், அவன்தான். திறப்பு விழாவுக்கு முந்திய மாலை இரண்டு கிலோ உயிர் அயிரையை டிரம்மில் கொண்டுவந்து தன் கையாலேயே விட்டான். காசு வாங்க மறுத்துவிட்டான். ஆனால் ஒன்று யோசியுங்கள். கொடுத்த கைக்கு எடுக்கும் வழியும் தெரியும். இந்த வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து கேட்காமல் போகும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

திறப்பு விழா. அழைப்பிதழ் அச்சடித்தேன். நூலக வாசகர் வட்டத்தார் அனைவரும் வந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் தலைமை. அவர் என் கட்டுரைகளில் சந்திப் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே கண்ணாடி போட்டவர். கூடம் நிறைய நாற்காலி, ஆளுக்கு ஒரு தட்டில் கேசரி. தொட்டியைப் பொன்னழகின் கலியாணப் பட்டுச் சேலையால் மூடியிருந்தேன். சோணைமுத்து கடைசியாக வந்தான், கையில் ஒரு டம்ளர் பாலோடு.

"மச்சான், நம்ம மெஸ்ல அயிரை வந்ததும் பால் ஊத்துவோம். இங்கிட்டும் ஒரு டம்ளர் ஊத்திரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவன் மனம் சட்டியில்தான் இருந்தது.

நான் அயிரையின் வாழ்வியல் குறித்து அரைமணி நேரம் உரையாற்றினேன். கைத்தட்டினார்கள். சேலையை விலக்கினேன்.

உள்ளே மணல் இருந்தது. தண்ணீர் இருந்தது. ஒரு மூலையில் நாலைந்து அயிரை நின்றன. மற்றது எதுவும் இல்லை. இரண்டு கிலோ அயிரை, டாக்டர். முந்திய மாலை கூட்டம் கூட்டமாகப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஒரே இரவில் அத்தனையும் மாயம்.

ஞானப்பிரகாசம் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, தொட்டியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு திரும்பி, "தொட்டி நன்று. மீன் எங்கே ஐயா?" என்றார்.

கேசரி தின்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. அப்போதுதான் சோணைமுத்து சொன்னான், கையிலிருந்த டம்ளரை உயர்த்திக் காட்டி: "எல்லாம் நம்ம மெஸ்ஸுக்கு வந்துருச்சுய்யா. நாளைக்கு மதியம் வாங்க, எலையில காட்டுறேன்."

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கலகலத்து, கேசரியை முடித்து, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போயிற்று. பொன்னழகு அன்றைக்குச் சொன்னாள்: "நல்லவேளை, தம்பி ஏதோ சொல்லிச் சமாளிச்சான். இல்லாட்டி ஒங்க பாடு சிரிப்பாச் சிரிச்சிருக்கும்." நான் அதை ஏற்கவில்லை. ஒரு மனிதன் தன் வாயால், அத்தனை சாட்சிகளுக்கு முன்னால், மீன் என் மெஸ்ஸுக்கு வந்துவிட்டது என்கிறான். நீதிமன்றத்தில் இதற்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று பெயர்.

என்ன, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? சரி, பேசிக்கொண்டே வேலையும் நடக்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்கிறீர்கள், நியாயம். அந்தச் சுவரோரம் இரண்டு பொத்தான் இருக்கிறது பாருங்கள். ஒன்று விளக்கு, ஒன்று மோட்டார். இரண்டையும் அணையுங்கள்.

ஆயிற்று. ஜன்னலைத் திறக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் காதெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கும். இந்த வெளிச்சம் போதும், எனக்கு உங்கள் முகம் தெரிகிறது. அந்த இரைச்சல் நின்றதும் வீடு என்னவோபோல் இருக்கிறது, இல்லையா? பழக்கம்தான். ஆலையில் இயந்திரம் நின்றால் இப்படித்தான் காது அடைக்கும்.

எங்கே விட்டேன்? விழாவுக்குப் பிறகும் நான் அவசரப்படவில்லை. நாள்தோறும் கண்காணித்தேன். நாலைந்து இருந்தது இரண்டு மூன்றாயிற்று. கண்துடைப்புக்காக விட்டுவைத்ததையும் அள்ளுகிறான் என்று தெரிந்துகொண்டேன். ஆடியில் ஒரு நாள், நல்ல மதிய நேரம், நேரே சிம்மக்கல்லுக்குப் போனேன். இடம் கிடைக்காமல் ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் பந்தியில் ஒருவர் இலையில் அயிரைக் குழம்பை அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள். நான் அந்த இலைக்கு எதிரே நின்று, விரலால் சுட்டி, எல்லோர் காதிலும் விழும்படி, "இவை என் தொட்டியிலிருந்து திருடப்பட்ட மீன்கள்" என்று அறிவித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கல்லாவிலிருந்து சோணைமுத்து வந்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை; அதை நான் குறித்துக்கொண்டேன்.

"மச்சான், மொதல்ல உக்காருங்க. சாப்புட்டீங்களா? சாப்புட்டுப் பேசிக்கிருவோம்."

"திருடியதை எனக்கே பரிமாறப் பார்க்கிறாயா?"

"வெளாட்டுக்குச் சொன்னது மச்சான் அது. நீங்க தலையக் குனிஞ்சு நின்னீங்க. எனக்கு மனசு கேக்கல. அதான்."

"நான் தலை குனிந்தேனா? அதையும் இந்தச் சபையில் சொல்கிறாயா? திருடன்."

அவன் சமையற்கட்டுக்குள் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. பரிமாறுகிறவன் வந்து, "அண்ணே உள்ள அழுவுறாருய்யா, நீங்க போங்க" என்றான். வெங்காயம் அரிகிற இடத்தில் யாருக்குத்தான் கண் கலங்காது?

ஏன் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறீர்கள், டாக்டர்? பல்லியாக இருக்கும். இந்தச் சுவரில் இரண்டு உண்டு.

வீட்டுக்கு வந்தால், எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. பொன்னழகு பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

"எங்கப்பா சாகையில அவன் கைப்புள்ள. என் முந்தானையப் புடிச்சுக்கிட்டே வளந்தவன். கலியாணமாகி இங்கிட்டு வந்தப்பவும் பின்னாடியே ஓடியாந்தான். அவனப் போயி, நாலு பேரு சோறு திங்கிற எடத்துல வச்சுத் திருடன்னுட்டீங்க."

"ஆதாரம் இருக்கிறது."

"ஒங்க ஆதாரம் எனக்கு வேணாம். ஒரே ஒரு வார்த்தை போதும். தப்பா நெனச்சுட்டேன்னு. அத எங்கிட்டச் சொல்லாதீங்க. அதே மெஸ்ல, அதே மதிய நேரத்துல, அம்புட்டுப் பேரு முன்னாடியும் அவங்கிட்டச் சொல்லுங்க. சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் நான் இந்த வீட்டுல வெளக்கேத்துவேன்."

நானும் தெளிவாகச் சொன்னேன். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "அந்தத் தொட்டியில் அயிரை இருக்கிறது என்று எவராவது எனக்குக் காட்டட்டும். காட்டிய அன்றைக்கே போய்ச் சொல்கிறேன். காட்டாதவரை என் சொல் மாறாது." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போனவள்தான்.

ஆகவே நான் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன். ஒன்றும் சிரமமில்லை. ரசம் நன்றாகவே வருகிறது. உப்பு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. தொட்டியையும் நான் கைவிடவில்லை. தினமும் காலையில், திரும்பிப் பார்க்காமலே, ஒரு பிடி தீவனத்தை உள்ளே போடுவேன். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு உயிர் பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா? கடமை வேறு, பகை வேறு. மூடியைச் சாத்தும்போது ஓரக்கண்ணில் பட்டால், மேலே மிதக்க வேண்டிய முந்திய நாள் தீவனத்தில் ஒரு துகள்கூட இருக்காது. நல்ல மோட்டார், டாக்டர். எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறது.

போன வாரம் அவனே வந்தான். கார்த்திகையில் அவன் மகளுக்குக் கலியாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டான். "மச்சான், கதவத் தொறங்க. எம்மக கலியாணம். நீங்க வந்து முன்ன நிக்காம எப்படி?" நான் திறக்கவில்லை. ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தான். வியாபாரம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். வெகுநேரம் நின்றுவிட்டு, "வாசல்லயே வச்சுட்டுப் போறேன் மச்சான். அக்கா சரியாச் சாப்புடுறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். பழத்தை ஆடு தின்றுவிட்டது. பத்திரிகையை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டேன், அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அழைப்போர் பட்டியலில் எல்லோருக்கும் மேலே என் பெயரைப் போட்டிருக்கிறான். பூமிநாதன் என்று, முழுதாக. மெஸ்காரர் மச்சான் என்று போடவில்லை. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. யாரிடமோ கொடுத்துத் திருத்தியிருக்கிறான். அவனுக்கு ஏது அந்த அறிவு?

அன்றைக்குத்தான் தொட்டியை விற்பது என்று முடிவு செய்தேன். தர்க்கம் எளிது. தொட்டி இருந்தால்தானே மீன் இருந்ததா இல்லையா என்ற கேள்வி? தொட்டியே போய்விட்டால் வழக்கே இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் எந்த வார்த்தையும் தேவையில்லை. அவளும் எத்தனை நாள் தம்பி வீட்டில் இருப்பாள்? இந்த மூலை காலியாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் வந்துதானே தீர வேண்டும்? நான் ஒரு படி இறங்காமலே அவள் ஏறி வருவாள். அதனால்தான் நீங்கள் சொன்ன விலைக்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுபடியும் பின்னால் பார்க்கிறீர்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து நிற்பது மரியாதையா? என்ன அது? ஏன் இப்படிக் கை காட்டுகிறீர்கள்? திரும்ப மாட்டேன். கொள்கை என்று சொன்னேன் அல்லவா.

சரி. திரும்புகிறேன்.

…

மணல் கொதிக்கிறது.

இல்லை, மணல் இல்லை. மூக்கு. மீசை. ஒவ்வொன்றாக மணலைத் தள்ளிக்கொண்டு எழும்புகின்றன. அதோ மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்புகிறது. அதோ, அங்கே ஒரு கூட்டம். இரண்டு கிலோ இருக்கும். அதற்கு மேலேயே இருக்கும்.

இருங்கள், இருங்கள். முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவன் வேலை இது. பொன்னழகிடம் ஒரு சாவி இருக்கிறது. நான் நூலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, திருடியதைத் திரும்பக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். மகள் கலியாணத்துக்கு முன்னால் பழி தீர வேண்டும் அல்லவா? சந்தையில் வாங்கிக் கொட்ட எவ்வளவு நேரமாகும்? எத்தர்கள். அக்காளும் தம்பியும் சேர்ந்து…

என்ன காட்டுகிறீர்கள்? எனக்கு இந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. அந்த மூலையிலா?

குஞ்சுகள்.

நூல் பருமன்தான் இருக்கிறது. ஒன்று, இரண்டு… ஏகப்பட்டது. இந்த அளவில் எந்தச் சந்தையிலும் விற்க மாட்டார்கள். வலையில் நிற்காது. தராசிலும் நிற்காது. இவற்றை ஒருவன் வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது. இங்கேயே பிறந்திருக்க வேண்டும். அவன் அலசிப் போட்ட அந்த மணலுக்குள்ளே.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், டாக்டர். நான் கேட்கவில்லை.

விளக்கைப் போடுங்கள். போடுங்கள் என்கிறேன். மோட்டாரையும் போடுங்கள்.

அப்படித்தான். பாருங்கள், எப்படி ஓடுகின்றன. தலை உள்ளே, வால் உள்ளே, ஆயிற்று. மணல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது? மணல். தண்ணீர். விளக்கு. ஞானப்பிரகாசம் பார்த்தது இதைத்தான். தெரு பார்த்ததும் இதைத்தான். நீங்கள் பார்த்ததும் இதைத்தான். எவராவது கேட்டால் காலித் தொட்டி என்று சொல்லிவிடுங்கள். படித்தவர் சொன்னால் நம்புவார்கள்.

குட்டியானைக்காரரை அனுப்பிவிடுங்கள். ஆட்கள் வந்து மணலை அள்ளினால், அது தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? இன்றைக்கு வேண்டாம். கலியாணம் கழியட்டும். விலையில் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். அந்த மெஸ்ஸில் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? மதியக் கூட்டம் எப்போது குறையும் என்று தெரியுமா? சும்மாதான் கேட்டேன். மூன்று மணிக்கு மேலா? அப்போது யாருமே இருக்க மாட்டார்களா? இல்லை, அவள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். அம்புட்டுப் பேரு முன்னாடியும் என்றல்லவா சொன்னாள்.

ஏன் இன்னும் அங்கேயே பார்க்கிறீர்கள்? எல்லாம்தான் உள்ளே போய்விட்டதே.

அதுவா? அது மீன் இல்லை. கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது. நூல். நாற்பது ஆண்டு நூலோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், அது நூல்தான். உங்கள் சட்டையிலிருந்து விழுந்திருக்கும். மூடியைத் திறந்து, ஒரு துடைப்பு துடைத்தால் போய்விடும். இந்தாருங்கள் துணி.

வேண்டாம். கையை எடுங்கள், டாக்டர். அதைத் தொடாதீர்கள்.